விளிம்பில் காலை, மையத்தில் மாலை

பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எனக்கு, நான் வளர்ந்த பம்மலின் பாஷை வந்துவிடும். சாதாரண நாட்களில் நான் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, "அப்படித்தான் தோன்றுகிறது, சார்" என்று அடக்கமாகப் பேசுகிற ஆசாமி. அளவுக் கருவியின் முள் கொஞ்சம் இடம் மாறி நின்றால் போதும், தோல் கிடங்குக்குப் பின்னால் கோலி ஆடிய பழைய தாமு வெளியே குதித்து, "இன்னாடா இது, பேஜாரா பூட்சே" என்று அலறுவான். கூட வேலை பார்த்தவர்களுக்கு இது ஒரு வசதி. அடுத்த அறையில் உட்கார்ந்தபடியே நிலைமை எவ்வளவு மோசம் என்று தெரிந்துகொள்வார்கள்.

இப்போது ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தில் எதையாவது எழுதிக் கொடுக்கும்படி கேட்டிருக்கிறார்கள். முழுக் கிழவனாகும் முன்பே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவன் நான். அறிவுரை சொல்லும் அளவுக்குத் தலை நரைக்கவில்லை. அதனால் என் தொடை நடுங்கிய ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். அறிவுரை ஏதாவது உள்ளே கிடந்தால் நீங்களே பொறுக்கிக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் நடுவில், கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வாடகைக் கட்டடத்தில் எங்கள் ஆய்வுக்கூடம் இருந்தது. தொலைநோக்கி எங்கோ மலைமேல். அங்கே எடுக்கப்படும் நிறமாலைப் படங்கள் கண்ணாடித் தகடுகளாக, பஞ்சில் சுற்றி, ரயிலில் எங்களிடம் வரும். பிளேட் என்போம். ஒவ்வொரு பிளேட்டிலும் ஒரு வாயு மேகத்தின் ஒளி, கோடு கோடாகப் பிரிந்து கிடக்கும். இந்தக் கோடு ஹைட்ரஜன், இது நைட்ரஜன், இது ஆக்சிஜன். எந்தக் கோடு எவ்வளவு கறுத்திருக்கிறது என்று ஒரு இயந்திரத்தில் வைத்து அளப்பது என் வேலை. பிளேட்டின் வழியாக ஒரு விளக்கின் ஒளி போகும். கறுப்பு அதிகமென்றால் குறைவாகப் போகும். முள் அதைச் சொல்லும். அவ்வளவுதான் இயந்திரம். மீதியெல்லாம் பக்தி.

ஆய்வு எஸ்தர் மேடத்துடையது. எங்கள் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர், முனைவர் பட்டத்துக்காகப் படிப்பு விடுப்பில் எங்களிடம் வந்திருந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். அவர் கேட்ட கேள்வி இது: ஒரு சுருள் விண்மீன் மண்டலத்தின் மையத்திலிருந்து விளிம்பை நோக்கிப் போகப் போக, நைட்ரஜன், ஆக்சிஜன் மாதிரியான தனிமங்கள் குறைகின்றனவா?

கேள்வி புரியாதவர்கள் பாரிமுனையில் பஸ் ஏறித் தெற்கே வாருங்கள். அங்கே தடுக்கி விழுந்தால் டீக்கடை. கிண்டி, பல்லாவரம் என்று வர வரக் குறையும். தாம்பரம் தாண்டினால் தாகத்தோடுதான் போகவேண்டும். மண்டலத்திலும் அப்படித்தான். மையத்தில் விண்மீன்கள் நெருக்கம். தலைமுறை தலைமுறையாக உள்ளே கனமான தனிமங்களைச் சமைத்து வெளியே கொட்டியிருக்கும். விளிம்பில் சமையல் கம்மி. இப்படி இருக்கவேண்டும் என்று பலரும் சொல்லிக்கொண்டிருந்த காலம்; எவ்வளவு என்று அளந்து காட்டுவதுதான் பாடு.

நாங்கள் அளந்தோம். ஹைட்ரஜன் கோட்டோடு ஒப்பிட்டால் நைட்ரஜன் கோடு எவ்வளவு என்று ஒவ்வொரு மேகத்துக்கும் கணக்கிட்டு, எஸ்தர் மேடம் வரைபடத்தாளில் புள்ளி வைத்தார். விளிம்பில் குறைவு, உள்ளே வர வர அதிகம், மையத்தில் உச்சம். புள்ளிகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பிரேயருக்கு நிற்பதுபோல வரிசையில் நின்றன.

எங்கள் துறைத் தலைவர் அதைத் தூக்கிப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். "என்னம்மா, ஸ்கேல் வெச்சுப் போட்டியா?"

"அளந்ததுதான் சார்."

"பிரமாதம்! பிரமாதம்!" என்று அன்றைக்கே வடக்கே இருந்த ஒரு நிபுணருக்குக் கடிதம் எழுதிவிட்டார். இந்த விஷயத்தில் அந்த நிபுணர் வாக்குக்கு அப்பீல் கிடையாது. அவர் நேரில் வந்து கேட்டு, திருப்தி என்றால், ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிடலாம். திருப்தி இல்லையென்றால் எஸ்தர் மேடத்தின் கதி? விடுப்பு அந்தப் பருவத்தோடு முடிகிறது. கல்லூரியில் இன்னொரு தடவை கேட்க முடியாது. முதல் தடவை கேட்டபோதே, "கல்யாணமான பொம்பளைக்கு நட்சத்திரம் எதுக்கு?" என்று அவர் காதுபடப் பேசியிருந்தார்கள். பட்டம் இல்லாமல் திரும்பினால், அதையே ஓய்வுபெறும்வரை கேட்டுக்கொண்டு, முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஊசல் ஆட்டிக் காட்டவேண்டியதுதான்.

தலைவர் போனபிறகு மேடம் அந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாமு, இது ரொம்ப நல்லா இருக்கு இல்ல?"

"ஃபிரேம் போட்டு மாட்டலாம், மேடம்."

"அதான் எனக்குப் பிடிக்கல."

எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல மார்க் வாங்கினால் அழுகிற ஜாதி என்று நினைத்துக்கொண்டேன்.

நிபுணர் செவ்வாய்க்கிழமை வருவதாக ஏற்பாடு. அதற்கு முந்தைய சனிக்கிழமை மலையிலிருந்து ஒரு பிளேட் தாமதமாக வந்து சேர்ந்தது. மையத்துக்கு மிக அருகில் இருக்கும் ஒரு மேகம். ஏற்கெனவே அளந்த மேகம்தான். இன்னும் தெளிவாக எடுத்து அனுப்பியிருந்தார்கள். வரைபடத்தின் உச்சியில் இன்னொரு புள்ளி விழுந்தால் கோபுரத்துக்குக் கலசம் வைத்த மாதிரி இருக்குமே என்று நான்தான் ஆசைப்பட்டேன். அன்றைக்குப் பம்மல் பக்கம் தோல் பதனிடும் தொழிற்சாலைகள், பட்டறைகள் எல்லாம் கடையடைப்பு. பஸ் ஓடவில்லை. வியர்க்க விறுவிறுக்க சைக்கிள் மிதித்து வந்து, மத்தியானம் பழைய பிளேட்டுகளைத் துடைத்து அடுக்கி, சாயங்காலம் வழக்கம்போல மையத்துப் பிளேட்டை இயந்திரத்தில் ஏற்றினேன்.

நைட்ரஜன் பாதியாகக் குறைந்திருந்தது.

முள்ளைத் தட்டினேன். பிளேட்டைத் திருப்பிப் போட்டேன். மறுபடி திருப்பினேன். லென்சைப் பனியனால் துடைத்தேன். இதை நீங்கள் செய்யக்கூடாது, நான் செய்தேன். மலைக்காரர்கள் வேறு மண்டலத்தைப் படமெடுத்து அனுப்பிவிட்டார்கள் என்று கொஞ்ச நேரம் அவர்களைத் திட்டினேன். எனக்குப் பார்வை போய்விட்டது என்று கொஞ்ச நேரம் என்னையே நினைத்து அழப் பார்த்தேன். ஒரு கண்ணை மூடிக் காலண்டரைப் படித்தேன். முருகன் தெளிவாகத் தெரிந்தார். மறுபடி அளந்தேன். அதே பாதி.

பிளேட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு குரோம்பேட்டைக்கு சைக்கிளை விட்டேன். எஸ்தர் மேடம் வீட்டு வாசலில் அவருடைய கணவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குழாயை மூடிவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் எலுமிச்சைச் சாறு கொண்டுவந்து கொடுத்தார். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

"மேடம், காலி மேடம். அல்லாம் காலி. நைட்ரஜன் பூட்ச்சு."

"பம்மல்ல ஆரம்பிக்கிறீங்க. சரி, உக்காருங்க. எங்க போச்சு?"

சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. ஆனாலும் குரல் மாறவில்லை. எனக்கு அந்த நேரத்தில் ஒரு மகா யோசனை உதித்தது.

"மேடம், ஒரே ஒரு பிளேட்டுதானே. கீழ வுழுந்து ஒடஞ்சிடுச்சின்னு வெச்சிக்கங்களேன்."

"உடைஞ்சிடுச்சா?"

"இன்னும் ஒடைக்கல. நீங்க சரின்னு சொன்னா, இதோ படிக்கட்டு கீது."

அவர் கணவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. பிளேட்டை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி மேஜைமேல் வைத்தார். "தாமு, இதை மட்டும் ஏன் உடைக்கணும்? மத்ததெல்லாம் பொய், இது ஒண்ணுதான் நிஜம்னு இருந்தா?"

"அய்யோ, அப்பிடியெல்லாம் யோசிக்காதீங்க மேடம்."

"இன்னிக்கு என்ன வித்தியாசமா செஞ்சீங்க? ஒண்ணுவிடாம சொல்லுங்க."

"ஒண்ணும் இல்ல. எப்பவும் போல சாயங்காலம்தான் அளந்தேன். பஸ் இல்ல, சைக்கிள்ல வந்தேன். சாப்பிடல. அதுவும் நல்லதாப் போச்சு, தூக்கம் வரல. ரூம்ல ஃபேன் வேற இன்னிக்கி பிச்சிக்கினு சுத்துச்சு, ஜில்லுனு..."

"ஃபேனா?"

"ஆமா. தெனம் சாயங்காலம் ஆனா மாடு செக்கு சுத்தற மாதிரி சுத்தும். இன்னிக்கி பம்மல்ல ஒரு மோட்டாரும் ஓடல இல்ல, கரண்ட்டு..."

வாய் அங்கேயே நின்றுவிட்டது.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். இயந்திரத்தின் விளக்கும், பம்மல் பட்டறைகளுக்கும் எங்கள் ஃபேனுக்கும் போகிற அதே கரண்டில்தான் எரிகிறது. ஒரு ஸ்டெபிலைசர் இருந்தது, எந்நேரமும் உறுமிக்கொண்டிருக்கும். உறுமுகிற பொருள் வேலை செய்கிறது என்று நம்பினோம். காலையில் வந்ததும் வெற்றுக் கண்ணாடியை வைத்து முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்துவேன். அப்புறம் நாள் முழுக்க அதைத் தொடமாட்டேன். சாயங்காலம் ஊரெல்லாம் விளக்குப் போட்டு, பட்டறைகள் எல்லாம் முழுமூச்சாக ஓடும்போது எங்கள் விளக்கு மங்கும். ஒளி குறைந்தால் இயந்திரம் என்ன நினைக்கும்? பிளேட் அதிகமாகக் கறுத்திருக்கிறது என்று நினைக்கும். ஹைட்ரஜன் மாதிரித் தடித்த கோட்டுக்கு இதனால் பெரிய மாற்றமில்லை. நைட்ரஜன் மாதிரி ஒல்லிக் கோடு திடீரென்று சதை போட்டுவிடும்.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. எல்லாப் பிளேட்டையும் எல்லா நேரத்திலும் அளந்திருந்தால் தப்பு அங்குமிங்கும் சிதறியிருக்கும். ஆனால் நான் ஒழுங்கானவன். விளிம்பு மேகங்களின் பிளேட் மங்கலாக இருக்கும். கண்ணும் மனதும் தெளிவாக இருக்கும் காலையில்தான் அவற்றை எடுப்பேன். நடுப்பகுதியை மத்தியானம். மையத்தில் இருப்பவை பளிச்சென்று இருக்கும், அரைத்தூக்கத்திலும் அளக்கலாம்; அவை சாயங்காலம். வந்த நாள் முதலாக இதே வரிசை. இந்தப் பழக்கத்துக்காகத் தலைவர் என்னைப் பாராட்டியிருக்கிறார். என் சோம்பேறித்தனம் எங்களை ஒன்றும் செய்யவில்லை, தம்பிகளே. என் ஒழுங்குதான் கவிழ்த்தது. சோம்பேறி தினம் ஒரு மாதிரித் தப்பு செய்வான், தப்புகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும். நான் தினமும் ஒரே தப்பை ஒரே திசையில் செய்து வைத்திருந்தேன்.

மேடம்தான் முதலில் பேசினார். "நாம மண்டலத்தை அளந்தோமா, தாம்பரம் கரண்டை அளந்தோமா?"

"ரெண்டும் கலந்து, மேடம்" என்றேன் ஈனஸ்வரத்தில்.

"கலந்துதானா, இல்ல முழுக்க கரண்டுதானா? அது தெரியணும்."

மறுநாள் ஞாயிறு. அவர் தேவாலயத்திலிருந்து நேராக, அதே வெள்ளைப் புடவையோடு வந்தார். பிளேட் உறைகளில் இருந்த பெயர்களைக் காகிதம் ஒட்டி மறைத்தார். என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி, எல்லாவற்றையும் ரம்மிச் சீட்டு மாதிரிக் கலைத்தார்.

"இனிமே எது விளிம்பு, எது மையம்னு உங்களுக்குத் தெரியக்கூடாது. நான் குடுக்கறதை அளங்க. ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி வெறும் கண்ணாடியை வெச்சு முள்ளைச் சரிபண்ணுங்க."

"ஒவ்வொண்ணுக்குமா?"

"ஒவ்வொண்ணுக்கும்."

அளந்தேன். பளிச்சென்ற பிளேட் வந்தால், "இது மையம்தானே மேடம்?" என்று வாய் தானாகக் கேட்கும். "வாயை மூடிட்டு முள்ளைப் பாருங்க" என்பார். நைட்ரஜன் எனக்குச் சொந்தக்காரன் மாதிரியும், நான் வாழ்த்தினால் அவன் பிழைத்துக்கொள்வான் என்பது மாதிரியும், ஒல்லிக் கோடு வரும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மூச்சு விட்டதும் முள் ஆடியது. அதற்கும் திட்டு வாங்கினேன்.

ஞாயிறும் திங்களும் அப்படிப் போயின. திங்கள் மாலை பட்டறைகள் ஓட, ஃபேன் செக்கு மாடாகிவிட்டது. நாங்கள் முள்ளை விடாமல் சரிசெய்துகொண்டே அளந்தோம். கடைசிப் பிளேட் முடிந்ததும் மேடம் உறைகளின் மேலிருந்த காகிதங்களைப் பிரித்து, புதிய வரைபடத்தாளில் புள்ளி வைக்க ஆரம்பித்தார். நான் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பென்சில் சத்தம் மட்டும் கேட்டது. புள்ளிகள் படுத்துவிட்டால், அதாவது விளிம்பும் மையமும் ஒரே அளவு என்றால், டைப் அடித்து வைத்த ஆய்வேடு வேர்க்கடலை மடிக்கத்தான் ஆகும்.

பென்சில் நின்றது.

"மேடம்?"

தாளைத் தூக்கிப் பார்க்கும் சரசரப்பு கேட்டது.

"மேடம், இன்னான்னு சொல்லிடுங்க. எனுக்கு நெஞ்சு அடச்சிக்குது."

"திரும்பிப் பாருங்க."

பிரேயருக்கு நின்ற பிள்ளைகளைக் காணோம். இது மணியடித்து வெளியே ஓடும் கூட்டம். ஒன்று மேலே, ஒன்று கீழே. ஆனால் கூட்டம் மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. விளிம்பில் குறைவு, மையத்தில் அதிகம். பழைய சாய்வில் ஏறக்குறைய பாதி. பாதி எங்கள் ஊர்க் கரண்டு. மீதிப் பாதி நிஜமான மண்டலம்.

எஸ்தர் மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கோணல்மாணலா இருக்கு" என்றார். பிறகு, "இது எனக்குப் பிடிச்சிருக்கு."

செவ்வாய் காலை தலைவரிடம் சொன்னோம். அவர் நாற்காலியில் இருந்தபடியே சிறுத்துப் போனார்.

"நான் பழைய படத்தைப் பத்தித்தானேம்மா அவருக்குக் கடிதத்தில எழுதியிருக்கேன்! சரி, போகட்டும். புதுசை மட்டும் காட்டு. திருத்தி அளந்தோம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுத் தாண்டிடு. கரண்டு, ஃபேன், கடையடைப்பு இதெல்லாம் எதுக்கு? சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும் சார்" என்றார் மேடம். "ஏன் பாதியாச்சுன்னு அவர் கேக்காம இருப்பாரா? கேட்டப்புறம் சொன்னா மாட்டிக்கிட்ட மாதிரி. முதல்லயே சொன்னா, கண்டுபிடிச்ச மாதிரி."

உங்களுக்கு என் சொத்திலிருந்து ஏதாவது தரவேண்டுமென்றால் இந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களைத் தருவேன். அவை என்னுடையவை இல்லை என்பதுதான் வருத்தம்.

நிபுணர் வந்தார். மாயவரத்துக்காரர், வடக்கே போய்ப் பல வருஷம் ஆனவர். தலையெல்லாம் பஞ்சு, முகத்தில் சிரிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார். மேடம் எழுந்து முதல் வரைபடத்தைத் தொங்கவிட்டார். "இது தப்பு" என்று ஆரம்பித்தார். ஏன் தப்பு, எப்படித் தெரிந்தது, காலையில் விளிம்பு, மாலையில் மையம், ஃபேன், பம்மல், எல்லாம் சொன்னார். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைவர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிபுணரின் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. முடிந்தது, இவர் எழுந்து போகப் போகிறார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. மேடம் இரண்டாவது வரைபடத்தைக் காட்டி, சாய்வு இவ்வளவு, சந்தேகம் இவ்வளவு என்று சொல்லி முடித்தார்.

நிபுணர் எழுந்தார்.

"மங்கலான பிளேட்டைக் காலையில அளந்தீங்கன்னு சொன்னீங்களே. அது யார் பழக்கம்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "என்னுதுதான் சார்" என்றேன். "அல்லாரும் அப்பிடித்தான் செய்றாங்கன்னு நெனச்சி..."

"எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க" என்றார் அவர். பிறகு மேடத்தைப் பார்த்து, "நான் கேக்கணும்னு வந்த கேள்வியை எல்லாம் நீங்களே கேட்டுப் பதிலும் சொல்லிட்டீங்க. ஆய்வேட்டுல அந்த அத்தியாயத்தை மாத்தி எழுதி உடனே சமர்ப்பிச்சுடுங்க. எனக்குத் திருப்தி. எழுத்துல குடுத்துட்டே ரயில் ஏறறேன்" என்றார். மேடம் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். தலைவர் கைதட்ட எழுந்தார்.

"ஒரு நிமிஷம்" என்றார் நிபுணர். "இங்கே தந்தி ஆபீஸ் எங்கே இருக்கு?"

கார் இல்லை. ரிக்‌ஷா பிடிக்கவும் அவர் பொறுக்கவில்லை. தென்னாட்டிலும் வடநாட்டிலும் எல்லோரும் எழுந்து நின்று கும்பிடுகிற மனிதரை என் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து மிதித்தேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. மின்சார ரயில் போகும்வரை நின்றோம்.

"நம்ம ஊர்ல வெயில், உங்களுக்கு ஃபேன் காட்டிக் குடுத்துது" என்றார் பின்னாலிருந்து. "எங்க ஊர் குளிர். ஃபேனே கிடையாது."

"சார், அப்ப அங்கயும்..."

"என்கிட்ட ஆராய்ச்சி பண்ற பசங்க மூணு மண்டலம் அளந்து வெச்சிருக்காங்க. மூணும் ஸ்கேல் வெச்ச மாதிரி நேரா இருக்கு. முதல் மண்டலத்தோட கட்டுரை அச்சுக்குப் போயிண்டிருக்கு. நீ பேசாம மிதி."

கேட் திறந்ததும் மிதித்தேன். தந்தி அலுவலகத்தில் படிவத்தை வாங்கி, அச்சுக்கு அனுப்பவேண்டாம், எல்லாப் பிளேட்டையும் கலைத்துப்போட்டு மறுபடி அள என்று எழுதி நீட்டினார். கவுண்டரில் இருந்த குமாஸ்தா வெளுத்துப்போன அவர் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் வேர்த்து வழிந்துகொண்டிருந்த என்னைப் பார்த்தார். எத்தனையோ பேருக்குச் சொல்லிப் பழகிய கனிவான குரலில் கேட்டார்.

"யாராச்சும் தவறிட்டாங்களா சார்?"

"இன்னும் இல்லப்பா" என்றார் நிபுணர். "அதுக்குள்ள இது போய்ச் சேரணும்."